பதினாறு நாள் கருப்பையா

அன்று என் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். குடுமியான்மலைக்கு மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த வெள்ளையம்மாள். அவருடைய சித்தப்பா மகன் அடைக்கலம். அந்த ஊரின் நிலக் கணக்கு எழுதும் கர்ணம். பிறகு வக்கீலாகிய நான். இல்லாதவர் ஒருவர்: வெள்ளையம்மாளின் தம்பி கருப்பையா. அவர் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

அவர் இல்லை என்பதை நிரூபிக்கத்தான் நாங்கள் கூடியிருந்தோம். அன்றைக்கு இல்லை என்பதை அல்ல. பல வருஷங்களுக்கு முன்னால், யுத்த காலத்தில், அவருடைய தகப்பனார் செத்தபோது ஊரில் இல்லை என்பதை.

என் அறை புதுக்கோட்டையில் ஒரு புகையிலைக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர். கர்ணம் நாற்காலியில் உட்கார்ந்தார். அடைக்கலம் உட்காரச் சொல்லியும் உட்காராமல் சன்னல் பக்கம் நின்றார். வெள்ளையம்மாள் கதவோரம் தரையில் அமர்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கீழேயிருந்து வரும் புகையிலைக் காரம் புதிதாக வருகிறவர்களைக் கொஞ்சம் படுத்தும்.

"நீங்க அன்னைக்குச் சுடுகாட்டுல இருந்தீங்களா?" என்று கர்ணத்தைக் கேட்டேன்.

"இருந்தேன்."

"கொல்லி வச்சது யாரு?"

"கருப்பையா."

"கருப்பையா அப்ப இலங்கையில இருந்தாருன்னு இந்த அம்மா சொல்றாங்களே."

"இருந்திருப்பான். நான் இல்லேன்னு சொல்லலையே." கர்ணம் வெற்றிலையை மறு கடைவாய்க்குத் தள்ளிவிட்டு, சன்னல் பக்கம் விரலை நீட்டினார். "அந்தா நிக்கிறான்ல, அவன்தான் கருப்பையா."

அடைக்கலம் மறுக்கவில்லை. தெருவில் போகிற ஒரு ஜட்கா வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியில் கிடக்கும் வேட்டி

எங்கள் பக்கத்தில் அக்கரைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. புறப்படுகிறவன் தான் கட்டிய பழைய வேட்டி ஒன்றைத் துவைக்காமல் மடித்து வீட்டில் வைத்துவிட்டுப் போவான். துவைத்தால் அது வெறும் துணி. துவைக்காமல் இருந்தால் அது ஆள் என்பது கணக்கு.

அவன் அங்கே இருக்கும்போது தாயோ தகப்பனோ செத்துவிட்டால், பங்காளி ஒருவன் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கொல்லி வைப்பான். வேட்டியைக் கட்டிய நிமிஷத்திலிருந்து கருமாதி முடியும்வரை, பதினாறு நாளும் அவனுக்கு அவன் பெயர் கிடையாது. வேட்டிக்காரன் பெயர்தான். ஊரே அப்படித்தான் கூப்பிடும். பதினாறாம் நாள் குளத்தில் முழுகி வேட்டியை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டபிறகுதான் பழைய ஆள் திரும்பி வருவான்.

இதற்குக் காரணம் உண்டு. கொல்லி வைத்தவனுக்குப் பங்கு என்பது அந்த ஊர்களின் தீர்மானம். மகன் அக்கரையில் இருக்க, பங்காளி தன் பெயரில் கொல்லி வைத்தால் நாளைக்கு நிலத்தில் பாதி கேட்பான். ஊரும் கொடு என்று சொல்லும். வேட்டி அதைத் தடுத்தது. கொல்லி வைத்தது அவனில்லையே, மகன்தானே.

என் தகப்பனாரும் ஒரு வேட்டி வைத்துவிட்டுத்தான் போனார். எங்கள் தாத்தா செத்தபோது அதைத் தேடினார்கள். எலி கடித்து மூன்று துண்டாகக் கிடந்ததாம். மூன்றையும் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு போனார் என் பெரியப்பா.

கப்பல் வக்கீல்

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், கூலிக் குடும்பங்களின் வரிசை வீடு ஒன்றில். விடியுமுன் பெரட்டுக்கு, ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதற்கு, தப்பு அடிக்கிற சத்தத்தில் எழுந்து, குளிரில் விரல் மடங்காமல் ரொட்டியைப் பிய்த்துத் தின்ற ஞாபகம் இருக்கிறது. அம்மா கொழுந்து எடுக்கப் போவாள். அப்பா மருந்தடிக்கப் போவார். வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் யாரும் கிடையாது. என்னைப் புதுக்கோட்டையில் பெரியப்பா வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாம் என்று அப்பாவுக்கு யார் சொன்னார்களோ, இன்றுவரை தெரியாது.

படிக்கிற காலத்தில் ஒருமுறை பெற்றோரைப் பார்க்க அக்கரை போனேன். மண்டபம் நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்தி வைத்தார்கள். போட்டிருந்த சட்டையைக் கழற்றி வாங்கி ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சட்டை ஒரு சாண் சுருங்கிவிட்டது. ஊசி போட்ட கையோடு வரிசையில் நின்றேன். எழுதுகிறவர் ஊர் கேட்டார். பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அதை விட்டுவிட்டு 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்று எழுதினார். அக்கரையில் இறங்கியபோது இன்னொருவர் 'இந்தியா' என்று எழுதினார்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயம் அப்பா ஒரு கடிதம் போட்டிருந்தார். தோட்டத்துக் கிளார்க் எழுதிய கடிதம்; வார்த்தை அப்பாவுடையது. "நான் ராஜாவின் சீமையிலிருந்து வந்தவன் என்று இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜாவே போய்விட்டார் என்கிறார்கள். அப்படியானால் நான் எங்கேயிருந்து வந்தவன் என்று விசாரித்து எழுதவும்."

சட்டம் படித்துவிட்டு வந்த பிறகும் அதற்கு எனக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இலங்கை, மலேயா, பர்மா. பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்று, குடியுரிமை மனு. கோர்ட்டில் மற்ற வக்கீல்கள் நிலத் தகராறு நடத்தினார்கள். என்னை அவர்கள் 'கப்பல் வக்கீல்' என்றார்கள். குமாஸ்தா கிடையாது, ஜூனியர் கிடையாது. கோர்ட்டுக்குப் போகும்போது கதவைப் பூட்டி, திரும்பும் நேரத்தைச் சாக்கட்டியால் எழுதிவிட்டுப் போவேன்.

கட்சிக்காரர்கள் என்னை நம்பியதற்குச் சட்ட ஞானம் காரணமில்லை. பெரட்டு என்றால் என்ன என்று அவர்கள் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அதுதான்.

முத்திரை இருந்தால் பலம்

கருப்பையாவின் வழக்கு இதுதான். இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு வந்த சட்டங்களால் தோட்டத்து ஜனங்கள் அந்த நாட்டுக் குடிகள் இல்லை என்று ஆயிற்று. வேண்டுமானால் மனுப் போட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு, குறிப்பிட்ட வருஷங்கள் விடாமல் அங்கேயே வசித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போயிருந்தாலும் தொடர்ச்சி அறுந்துபோகும்.

கருப்பையா வெளியே போகவே இல்லை. தகப்பனார் செத்த செய்தியே அவருக்குக் கருமாதி முடிந்துதான் போய்ச் சேர்ந்தது. யுத்த காலத்தில் இக்கரை வந்தால் மறுபடி போக விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து அங்கேயே மொட்டை போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். அந்த வருஷங்களின் செக்ரோல், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேடு, இருந்திருந்தால் விஷயம் அரை மணியில் முடிந்திருக்கும். தோட்டம் கைமாறியபோது பழைய செக்ரோல் எல்லாம் போய்விட்டது.

மனுவோடு என்னென்ன காகிதம் இருக்கிறதோ வைக்கச் சொன்னார்கள். கருப்பையாவுக்கு எழுத்துத் தெரியாது. முத்திரை குத்திய காகிதம் எதுவானாலும் மனுவுக்குப் பலம் என்று நினைத்தார். கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாம் வைத்தார். கூடவே, பட்டா மாற்றியபோது கர்ணம் எழுதிக் கொடுத்து அக்காள் அனுப்பியிருந்த தாளையும் வைத்தார். 'மேற்படி கருப்பையா தன் தகப்பனாருக்குக் கொல்லிவைத்துக் கருமாதி செய்து, இரண்டு வருஷமாக நேரில் பயிர் செய்து அனுபவித்து வருகிறார்.'

விசாரணை அதிகாரி அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாராம். கேட்டுவிட்டு, "இரண்டு வருஷம் இந்தியாவில் விவசாயம் செய்திருக்கிறாய், பிறகெப்படி விடாமல் இங்கே இருந்தாய்?" என்றாராம். இல்லை என்று நிரூபிக்கத் தவணை கொடுத்தார். தவணை முடிய அதிக நாளில்லாதபோது வெள்ளையம்மாள் என் மாடிப்படி ஏறினார்.

"நேரில் பயிர் செய்தார்னு ஏன் எழுதினீங்க?" என்று கர்ணத்தைக் கேட்டேன்.

"கொல்லி வச்சவன் பேருலதான் பயிரும் எழுதணும். கொல்லி ஒரு பேரு, பயிரு ஒரு பேருன்னு எழுதினா மேல கேள்வி வரும்ல."

"ஆனா உழுதது?"

"நான் ஆள் வச்சு உழுதேன்," என்றார் வெள்ளையம்மாள். அவர் புருஷன் செத்தபிறகு பிறந்த ஊருக்கே வந்துவிட்டவர். பிள்ளை இல்லை. தம்பியின் நிலம்தான் அவருக்குச் சோறு. நிலத்தை என்ன செய்யவும் அதிகாரம் கொடுத்துத் தம்பி பதிவு செய்து அனுப்பிய பவர் பத்திரமும் அவர் கையில் இருந்தது.

அடைக்கலத்தின் கேள்வி

செய்ய வேண்டியது எளிது என்றுதான் நான் நினைத்தேன். அடைக்கலம் ஒரு சத்தியப் பிரமாணம் செய்யவேண்டும்: கொல்லி வைத்தது நான், கருப்பையா அல்ல. கர்ணம் இன்னொன்று: வழக்கப்படி பெயர் எழுதினேன், ஆளைப் பார்த்து எழுதவில்லை. இரண்டையும் டைப் அடித்து, மாஜிஸ்டிரேட் முன்னால் கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதும்.

நான் காகிதத்தை மெஷினில் ஏற்றியதும் அடைக்கலம் சன்னலை விட்டு வந்தார்.

"வக்கீலய்யா, ஒரு சந்தேகம். நான்தான் வச்சேன்னு அங்கிட்டு எழுதிக் குடுத்துர்றேன். அப்புறம் இங்கிட்டு வந்து, நான் வைக்கலைன்னு சொல்லணுமா?"

"இங்க யாரும் உங்களைக் கேட்கப்போறதில்ல."

"நான் கேப்பேன்ல."

கர்ணம் சிரித்தார். வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் சற்று நேரம் ஆயிற்று.

"என்ன அடைக்கலம், பாதி கேக்குறியா?" என்றார் வெள்ளையம்மாள்.

"நான் கேக்கலக்கா. இத்தனை வருசமா கேட்டேனா? வேட்டி கட்டினேன், கருப்பையாவா நின்னேன், முழுகி எழுந்தேன், போயிட்டேன். இப்ப வக்கீலய்யா அந்த வேட்டிய அவுக்கச் சொல்றாரு. அவுத்தா உள்ள நிக்கிறது நாந்தானே."

நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். கொல்லி வைப்பதால் சொத்தில் பங்கு வராது. எந்தக் கோர்ட்டும் கொடுக்காது. அடைக்கலம் வழக்குப் போட்டால் முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி ஆகும். இளவயது, நிறைய உதாரணங்களும் சொன்னேன். மூவரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"கோர்ட்டு குடுக்காது, சரி," என்றார் கர்ணம். "கிணறு கோர்ட்டுலயா கெடக்கு? பங்காளிக நாலு பேரு கிணறு அது. ஊரு பேச்சைத் தட்டினா இந்த ஆத்தாளுக்கு எறைக்கிற முறை கிடைக்காது. தண்ணி இல்லாம அந்த நெலத்துல எருக்கஞ்செடிதான் முளைக்கும்."

நான் அடைக்கலத்தின் பக்கம் திரும்பினேன்.

"வேற வழி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். "சொந்த அண்ணந்தம்பி மாதிரி இருக்கீங்க. அவருக்கு அஞ்சு பிள்ளைங்க."

"எனக்கு மூணு இருக்கு. அதையும் எண்ணிக்கங்க." சொல்லிவிட்டு, சற்றுத் தணிந்த குரலில் தொடர்ந்தார். "பதினாறு நாளு வக்கீலய்யா. ஒரு வேளைச் சோறு. என்னைய ஒருத்தன் அடைக்கலம்னு கூப்பிடல. என் பொண்டாட்டியே, 'கொழும்புக்காரரே, எலை போட்டாச்சு வாங்க'ன்னா. அந்தப் பதினாறு நாளுல என் மாடு ஒண்ணு செத்துச்சு. எங்கிட்ட யாரும் துக்கம் கேக்க வரல. கருப்பையாவுக்கு ஏது மாடுன்னு போயிட்டாங்க."

வெள்ளையம்மாள் இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "ஆமா, நல்ல மாடு. செவலை."

ஏழு வாய்

கீழே கடையில் யாரோ புகையிலைக் கட்டைப் பலகையில் அறைந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். கர்ணத்துக்கு ஒரு தும்மல் வந்தது.

வெள்ளையம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு என்னைக் கேட்டார். "இந்தக் காயிதம் போகலைன்னா அங்கிட்டு எந்தம்பிய என்ன செய்வாக?"

"உடனே ஒண்ணும் செய்யமாட்டாங்க. மனுத் தள்ளுபடி ஆகும். அவருக்கும் பிள்ளைகளுக்கும் அங்க உரிமை இருக்காது. தோட்டத்துல இருக்கச் சொல்ற வரைக்கும் இருக்கலாம்."

"போகச் சொன்னா?"

"இந்தியாவுக்குத்தான் வரணும்."

"இந்தியான்னா?"

"உங்க ஊருக்கு."

அவர் எண்ணிப் பார்க்க விரலை மடக்கவில்லை. நேராகச் சொன்னார். "அவன், அவன் பொண்டாட்டி, பிள்ளைக அஞ்சு. ஏழு வாயி. அதுக வந்து எறங்குனா இந்த நெலம் முழுசா இருந்தாலும் ஒரு மாசத்துக்குக் காணாது. என்னைப் போன்னும் சொல்லமாட்டான், இருன்னும் சொல்லமுடியாது. அவன் அங்கிட்டே இருந்தா பாதி நெலத்துல நான் ஒருத்தி கஞ்சி குடிச்சுக்குவேன்." பிறகு அடைக்கலத்தின் பக்கம் திரும்பினார். "பாதி எடுத்துக்க. எழுதிக் குடு."

பாசம், தியாகம் என்றெல்லாம் பிற்பாடு இந்தக் கதையைக் கேட்டவர்கள் சொன்னார்கள். அந்த அறையில் அப்படி எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விதைநெல் எவ்வளவு நிறுத்துவது என்று முடிவு செய்கிற முகம்தான் அவருக்கு இருந்தது.

ஆடிப்போனவர் அடைக்கலம்தான். அக்காள் சண்டை போடுவார், ஊர்க் கூட்டம் போகும், நாலு பேர் சமாதானம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பார்.

"வரப்போரத்துப் புளியமரம் என் பக்கம் வந்தாலும் காயி ஒனக்கே இருக்கட்டுங்க்கா," என்றார்.

"காயி எதுக்கு. நெழலு உன் பக்கம் விழுதுன்னு நாளைக்கு நீ சண்டைக்கு வருவ. மரத்தையும் எடுத்துக்க."

"வக்கீலய்யா, பாத்தீகளா இந்தப் பேச்ச."

"எனக்கு ஒரு வாக்கு வேணும்," என்றார் வெள்ளையம்மாள். "கிணத்துல என் முறைக்குப் பங்கம் வரக்கூடாது."

"நெலத்துல பாதின்னா முறையிலயும் பாதிதானே," என்றார் கர்ணம், யாரும் கேட்காமலே.

அடைக்கலம் அதை மறுக்கவில்லை. புளியமரத்தில் காட்டிய தாராளம் தண்ணீரில் வரவில்லை.

ஒரு சுற்றுக்கு நான்கு நாள் இருந்த முறையில் இரண்டு நாள் அடைக்கலத்துக்கு என்று அங்கேயே தீர்ந்தது.

சத்தியப் பிரமாணத்தை இங்கிலீஷில் எழுதுவது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. வேட்டியைக் கட்டியதால் ஒருவன் இன்னொருவன் ஆகிறான் என்பதை, மூளை சரியில்லாதவன் எழுதியதுபோல் தோன்றாமல் எழுதவேண்டும். நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவதில் வழக்கத்தைத் தனிப் பத்தியாகவும், அடைக்கலம் செய்ததைத் தனிப் பத்தியாகவும் பிரித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இடம் விட்டேன். தமிழில் படித்துக் காட்டியபோது அடைக்கலம் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"என் பேரு எத்தனை எடத்துல வருது?"

"நாலு இடத்துல."

"கருப்பையா பேரு?"

"அதுவும் வருது."

"என் பேரு முன்னால வருதுல்ல. சரி, படிங்க."

மாஜிஸ்டிரேட் முன்னால், "நீங்கள்தான் தகப்பனாருக்குக் கொல்லி வைத்தவரா?" என்று கேட்கப்பட்டபோது, "என் தகப்பனாருக்கு இல்லீங்க, பெரியப்பாவுக்கு. நாந்தாங்க, அடைக்கலம்," என்று கேட்டதற்கு மேலே பதில் சொன்னார். கொஞ்சம் உரக்கவே சொன்னார். வெள்ளையம்மாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

காகிதங்கள் கடல் கடந்து போயின. அதிகாரி ஒரு முறை விளக்கம் கேட்டார். எழுதினேன். இன்னொரு முறை கேட்டார். எழுதினேன். பிறகு மழைக்காலம் ஒன்று முழுசாகப் போயிற்று. கருப்பையா பதிவு செய்யப்பட்டார் என்று தோட்டத்துக் கிளார்க் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்ட நான் அந்த ஊருக்கே போனேன். வெள்ளையம்மாள் நிலத்தில் இருந்தார். புது வரப்புக்கு அந்தப் பக்கம், அடைக்கலத்தின் கடலைக்குக் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். தன் பாதியில் அன்றைக்கு வேலை இல்லை என்றார்.

கடிதத்தைப் படித்தேன். ஐந்து பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப இனிமே ஊரு பாக்க வந்தா?" என்றார். அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில், இந்திய விசா வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று சொன்னேன்.

"தங்கறதுக்கு நாளு வச்சுத்தான் விடுவாகளா?"

"ஆமா."

"சரி," என்று மறுபடி குனிந்தார்.

என் பங்குக்கு, இந்தப் பதிவுக்கு ஆன செலவின் கணக்கை முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. வரப்பில் நின்றே சொன்னேன். ஒரு ஏக்கர் இருபது சென்ட்டில் அறுபது சென்ட் நிலம். நாலு நாள் தண்ணீரில் இரண்டு நாள். ஒரு புளியமரம். முத்திரைத்தாள், பாகப் பத்திரப் பதிவு, தபால், பஸ், என் பீஸ் எல்லாம் சேர்த்து ரொக்கம் நாற்பத்தேழு ரூபாய் பன்னிரண்டு அணா.